இந்த டிராலி ஏற்கெனவே வந்துவிட்டது

இளைய மருமகள் கொடிக்கயிற்றுக்கு முட்டுக் கொடுக்க மொட்டைமாடிப் பூந்தொட்டியில் குத்திவைத்த காய்ந்த குச்சி தளிர்விட்ட அன்றுதான் மூத்தவளுக்கு முதல்முறையாக வயிறு எரிந்தது. அதே மாடியில் மூத்தவள் விலைகொடுத்து வாங்கி, உரம் போட்டு, தாலாட்டு ஒன்றுதான் பாடவில்லை என்னும் அளவுக்குச் சீராட்டிய மூன்று செடிகள் வரிசையாகக் கருகி நின்றன.

"எனக்கே தெரியலக்கா, வெறும் குச்சின்னுதான் நெனச்சேன்" என்று இளையவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை. இருந்திருந்தால் மூத்தவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் அவர்கள். மேல்மாடியில் மூத்தவள் குடும்பம், கீழே இளையவள் குடும்பம், இருவருக்கும் ஒரே சமையலறை, அந்தச் சமையலறைக்குள் மாமியார். போதாக்குறைக்கு வேலையும் ஒரே இடத்தில். ஓட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு என்று மொத்தமாக அள்ளிவந்து, துவைத்து, தேய்த்து, மடித்துத் திருப்பிக் கொடுக்கும் பெரிய சலவை நிறுவனம் அது. நாலு வருடத்துக்கு முன்னால் மூத்தவள்தான் முதலாளியிடம் போய், "என் ஓரகத்தி வீட்ல சும்மாதான் இருக்கா, ஏதாவது வேலை போட்டுக் குடுங்க" என்று கேட்டாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

மூத்தவள் படிப்பாளி. டயர் கடைக்கு மேல்தளத்தில் நடந்த கணினி வகுப்பில், ரப்பர் நாற்றத்துக்கு நடுவே இரண்டு வருடம் உட்கார்ந்து டிப்ளமோ வாங்கியவள். அந்தச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் கீழ்க்கூடத்துச் சுவரில் தொங்கியது. பக்கத்தில் கல்யாணப் படம். அதில் அவள் கண்ணை மூடிக்கொண்டுவிட்டதால், விருந்தாளிகள் வந்தால் சான்றிதழையே காட்டுவாள். இளையவள் எந்தப் படத்திலும் கண் சிமிட்டியதில்லை. இதையும் மூத்தவள் கவனித்து வைத்திருந்தாள்.

சலவை நிறுவனத்தில் அவள் சேர்ந்தபோது இருந்தது ஒரே ஒரு கணினி. அதற்கு மேல் ஒரு விரிப்பைப் போர்த்தி, காய்ச்சல்காரனைப் போலப் பார்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வருடத்தில் அது பதினாலாகப் பெருகியது. பிரின்டரில் காகிதம் சிக்கினாலும், கடவுச்சொல் மறந்துபோனாலும், மின்சாரமே போனாலும்கூட, "சிஸ்டம் அக்காவைக் கூப்பிடு" என்பார்கள். அந்தப் பெயர் அவளுக்கு நகை மாதிரி. குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை.

இளையவள் பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவள். அழுக்குத் துணி பிரிக்கும் கூடத்தில் சேர்ந்து, இப்போது அந்தக் கூடத்தின் பொறுப்பாளராகி இருந்தாள். கைகால் ஓயாமல் ஓடுவதால் அங்கே அவளுக்குப் பெயர் சிட்டு.

பிரச்சினை டிராலிகளில் இருந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமிருந்தும் அழுக்குத் துணி சக்கரம் வைத்த பெரிய கூண்டுகளில் வரும். எந்த டிராலி எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன, கறையா கிழிசலா என்று ஒரு நோட்டில் எழுதுவார்கள். நோட்டு நனையும். நனைந்த நோட்டில் மூன்று எட்டாகும், எட்டு மாயமாகும். ஓட்டல்காரர் நாற்பது துண்டு காணோம் என்பார், இவர்கள் வரவே இல்லை என்பார்கள். முதலாளி, "இதுக்கு ஒரு ஆப் செஞ்சு குடும்மா" என்று மூத்தவளைக் கேட்டார்.

அவள் ஏழு வாரம் எடுத்துக்கொண்டாள். முழுக்கத் தானே நிரல் எழுதுவதென்றால் ஒரு வருடம் ஆகும் என்பதால், கொஞ்சம் மட்டும் எழுதினால் போதும் என்கிற லோ-கோட் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு காலை நேரத்தில், செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கணவனுக்கு அதை விளக்கினாள்.

"நோ-கோடுன்னா ரெடிமேட் சட்டை. நமக்குப் பொருந்தினா அதிர்ஷ்டம். லோ-கோடுன்னா முக்கால்வாசி தைச்ச சட்டை. காலரும் கையும் நம்ம இஷ்டத்துக்குத் தைச்சுக்கலாம், ஊசி பிடிக்கத் தெரிஞ்சா."

"தெரியாதவங்க?"

"பொத்தானை மாட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

சமையலறையிலிருந்து மாமியார் குரல் வந்தது. "சட்டைன்னா பொத்தான் மாட்டத் தெரிஞ்சா போதாதா? ஊசி எதுக்கு, யாரைக் குத்தறதுக்கு?"

யாரை என்று மூத்தவளுக்கு அப்போது தெரியாது. ஆறாவது வாரத்தில் தெரிந்தது. இளையவள் ஒரு சாயங்காலம் முதலாளியிடம் போய்த் தன் போனை நீட்டினாள். ஒரு வரிகூட எழுதத் தேவையில்லாத நோ-கோட் கருவியில், பெட்டிகளை இழுத்து இழுத்து வைத்து, நாலே நாளில் ஒரு டிராலி ஆப் செய்திருந்தாள். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாளாம். இடது கையால் செய்தாளாம், வலது கையில் சோறு இருந்ததால்.

மூத்தவளுக்கு அந்த இடது கைதான் பொறுக்கவில்லை.

முதலாளி இருவரையும் கூப்பிட்டார். வாடிக்கையாளர்களுக்குக் காட்டும் மாதிரித் துண்டு ஒன்று எப்போதும் அவர் தோளில் கிடக்கும். பேசும்போது அதன் ஓரத்தை நிரடுவார்.

"புதுசா ரெண்டு கிளை திறக்கறேன். மூணு இடத்துக்கும் ஒரே ஆப்தான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ரெண்டு வாரம் ஓட்டிப் பாப்போம். எது நிக்குதோ அதைச் செஞ்சவங்கதான் மூணு இடத்துக்கும் சிஸ்டம். கீழே கண்ணாடி அறை அவங்களுக்கு."

"யார் சார் முடிவு பண்றது?" என்றாள் மூத்தவள்.

"நீங்க ரெண்டு பேரும்தான். பதினஞ்சாம் நாள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. ஆனா அவங்கவங்க ஆப்பைப் பத்தி இல்ல. நீ அவளோடதைப் பத்தி, அவ உன்னோடதைப் பத்தி. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. நான் எப்பவும் பக்கத்து மரத்துக் காக்கைகிட்டதான் விசாரிப்பேன்."

துணி பிரிக்கும் கூடத்தின் வாசலில் இரண்டு டேப்லெட்டுகளை மாட்டினார்கள். வரும் டிராலி ஒவ்வொன்றையும் இரண்டிலும் பதிய வேண்டும் என்பது ஏற்பாடு. மூத்தவளின் திரை ஒன்பது கேள்வி கேட்டது. டிராலி எண் என்ன, வாடிக்கையாளர் யார், எந்தத் தளம், என்ன வகைத் துணி, எடை எவ்வளவு என்று வரிசையாக, மரியாதையான எழுத்தில். இளையவளின் திரையில் டிராலி எண்ணைத் தட்டப் பெரிய எண்களும் வாடிக்கையாளர்களின் சின்னங்களும் மூன்று பெரிய படங்களும்தான்: விரிப்பு, துண்டு, உறை. கறை என்றால் ஒரு சிவப்புப் பொட்டு.

"எழுத்தே இல்லையேடி இதுல?" என்றாள் மூத்தவள்.

"எழுத்து எதுக்குக்கா? துணிக்குப் படிக்கத் தெரியாதே."

கூடத்துப் பெண்கள் சிரித்தார்கள். மூத்தவளும் சிரித்தாள், பல்லை மட்டும் காட்டி.

அவளிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. அந்தக் கூடத்தில் பழைய பழக்கம் ஒன்று உண்டு. வாசலில் இருக்கும் மேசைக்காரி டிராலியில் பாதியைக் காலி செய்துவிட்டு, மீதியை உள்ளே இருக்கும் மேசைக்குத் தள்ளிவிடுவாள். அங்கே இருப்பவளும் அதைப் புது டிராலி என்று பதிவாள். யார் கை பட்டாலும் பதிய வேண்டும் என்று முன்னொரு காலத்தில் யாரோ அதட்டி வைத்ததன் விளைவு. நோட்டில் கணக்கு உதைத்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். மூத்தவள் இதை மறக்கவில்லை. லோ-கோட் கருவியில் பெட்டிகளால் செய்ய முடியாத இந்த ஓர் இடத்தில் மட்டும் தன் கையாலேயே பதினோரு வரி எழுதினாள். ஒரே ஷிப்டில் ஒரே டிராலி எண் இரண்டாம் முறை வந்தால் ஆப் அதை ஏற்காது. திரையில், 'இந்த டிராலி ஏற்கெனவே வந்துவிட்டது' என்று காட்டும்.

அந்தப் பதினோரு வரியை அவள் நினைத்து நினைத்து ரசித்தாள். இளையவளின் கருவியில் இப்படி ஒரு பெட்டி இல்லை என்பதை அவள் ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருந்தாள். அங்கே ஒரே டிராலி இரண்டு முறை பதிவில் விழும், மூன்று முறை விழும், மூன்றாம் நாளே குட்டு வெளிப்படும். எச்சரிக்கலாம்தான். எச்சரிக்கவில்லை. பக்கத்து மரத்துக் காக்கையின் வேலை விசாரணைக்குப் பதில் சொல்வது மட்டும்தானே.

ஷிப்ட் முடிந்ததும் துவைக்கும் கூடத்துப் பொறுப்பாளர் தான் வாங்கிய டிராலிகளைச் சுவர்ப் பலகையில் சுண்ணாம்புக் கோடாகப் போடுவார். அந்தக் கோடுகளோடு இரண்டு ஆப்களின் எண்ணிக்கையையும் மறுநாள் காலை ஒப்பிடுவார்கள். முதல் நாள் மூத்தவளுடையது சரி. இளையவளுடையதில் ஆறு அதிகம். மூத்தவள் அன்று மாமியாருக்குக் கால் பிடித்துவிட்டாள். இரண்டாம் நாள் ஐந்து அதிகம். அன்று கொழுந்தனுக்கு இரண்டு முறை டீ போட்டாள்.

மூன்றாம் நாள் இரண்டு ஆப்களும் பலகையோடு ஒத்துப்போயின. நாலாம் நாளும். ஐந்தாம் நாளும்.

பன்னிரண்டாம் நாள் வரை இளையவளின் ஆப் ஒரு டிராலிகூடப் பிசகவில்லை.

மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. தன் எண்ணிக்கை சரியாக வருவது அவளுக்குப் பெருமையாக இல்லை. எதிராளியின் எண்ணிக்கை சரியாக வருவதுதான் உறுத்தியது. விழவேண்டிய டிராலி ஏன் இரண்டு முறை விழவில்லை? ஒருமுறை அலுவலக மாடியிலிருந்து கூடத்துக்கு இறங்கிப் போய்ப் பார்த்தாள். நீராவியில் மூக்குக்கண்ணாடி மூடிக்கொண்டது. துடைத்துப் போட்டுப் பார்த்தபோது, ரப்பர் கையுறை போட்ட ஒரு பெண் இளையவளின் திரையை விரல் முட்டியால் 'டொக் டொக்'கென்று தட்டிவிட்டுப் போனாள். கதவைத் தட்டுவது போல. தட்டினால் திறந்தது. தன் திரை பக்கத்தில் துடைத்துவைத்தது போலப் பளபளவென்று இருந்தது. நல்ல பராமரிப்பு என்று நினைத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

எழுத வேண்டிய பக்கத்தை நாலு முறை எழுதிக் கிழித்தாள். 'பார்வைக்கு மிக அழகாக உள்ளது' என்று ஆரம்பித்தது ஒன்று. 'குழந்தைகளும் பயன்படுத்தலாம்' என்றது இன்னொன்று. மூன்றாவது நேரே விஷயத்துக்கு வந்தது: 'ஒரே டிராலி இருமுறை பதிவாகும் அபாயம் உண்டு.' அபாயம் உண்டு என்றால் முதலாளி பலகையைக் காட்டுவாரே, எங்கே அபாயம் என்று? பத்து நாளாக ஒரு பிசகு இல்லையே?

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், பதில் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தன் ஆப்பின் உள்பதிவுகளைத் திறந்தாள். எந்தப் பதிவு எத்தனை மணிக்கு விழுந்தது என்ற பட்டியல். இத்தனை நாளும் மொத்த எண்ணிக்கையை மட்டுமே பார்த்தவள், முதல்முறையாக நேரத்தைப் பார்த்தாள்.

காலை ஏழு மணிக்கு வந்த டிராலியும் பதினொன்றரைக்கு வந்த டிராலியும் மாலை ஐந்து மணிக்கு மேல்தான் பதிவாகி இருந்தன. எல்லா நாளும் அப்படியே. ஐந்து பத்துக்கு ஆரம்பம், ஐந்தே முக்காலுக்கு முடிவு. ஒன்றுக்கொன்று இருபது இருபது விநாடி இடைவெளி. டிராலி எண்ணையும் வாடிக்கையாளர் பெயரையும் தவிர மற்றக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே பதில். தையல் மெஷின் ஓட்டியது போல, ஒரே கை.

அவள் ஆப்பைக் கூடத்தில் யாரும் தொடவே இல்லை. நீராவியிலும் அழுக்கிலும் ஒரு திரை எப்படிப் பளபளவென்று இருக்கும் என்று அன்றே யோசித்திருக்க வேண்டும். யாரோ ஒருத்தி ஷிப்ட் முடிந்தபின் நின்று, நாள் முழுக்க இன்னொரு திரையில் விழுந்ததை இதில் பார்த்து நிரப்பி, அவள் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். அந்த யாரோ யார் என்று கேட்கவும் வேண்டுமா? இளையவள் இந்த இரண்டு வாரமாக வீட்டுக்கு ஆறரைக்குத்தான் வந்துகொண்டிருந்தாள். மாமியார்கூட, "கண்ணாடி அறைக்கு இப்பவே குடிபோயிட்டா போல" என்று இடித்துக்காட்டினார்.

பொறாமைப்படுகிறவளால் எதையும் தாங்க முடியும். பொறாமைக்கு உரியவள் தன் மேல் இரக்கப்படுவதை மட்டும் தாங்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடியில் இளையவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கீழிருந்து மாமியார் யாருக்கோ சொல்வது கேட்டது: "ஊர்த் துணியெல்லாம் வெளுக்கறாளுங்க, வீட்டுத் துணி மூணு நாளா வாளியில ஊறுது." மூத்தவள் படியேறி வந்து நேரே கேட்டாள்.

"என் ஆப்ல தினம் அஞ்சு பத்துக்கு யாருடி உக்காந்து எழுதறது?"

இளையவள் பல்லில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்தாள். "உக்காரலக்கா. நின்னுக்கிட்டுதான்."

"விளையாடாதே."

"நான்தான்."

"யாரு கேட்டா? பிச்சையா போடறே?"

"ரெண்டு நாள் அப்படித்தான் போட்டேன். பொம்பளைங்க உங்க திரையைப் பாத்ததுமே ஓடறாங்க. கையுறையைக் கழட்டணும், கையைத் துடைக்கணும், ஒன்பது கேள்விக்குப் பதில் சொல்லணும். கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட அத்தனை கேக்க மாட்டாங்க. ஒருத்தியும் தொடலன்னு தெரிஞ்சா நீங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவீங்க. அத்தை என்னைத்தான் பிடிப்பாங்க, 'என்னடி பண்ணினே அவளை'ன்னு. ஒரே சமையல்கட்டுல நான் எங்க போறது?"

"ரெண்டு நாள்னே. மூணாம் நாள்?"

இளையவள் ஒரு தலையணை உறையை இரண்டு முறை உதறினாள். அதில் உதற ஒன்றும் இல்லை.

"முதல் நாளே உங்க ஆப் திட்டிச்சு. ஏற்கெனவே வந்துவிட்டது, ஏற்கெனவே வந்துவிட்டதுன்னு ஆறு டிராலியைத் திருப்பி அனுப்பிச்சுது. நான்தான் தப்பா அடிக்கறேன்னு விட்டுட்டேன். மறுநாள் காலையில பாத்தா என்னோடதுல சரியா ஆறு அதிகம். அடுத்த நாள் அஞ்சு திட்டு, அஞ்சு அதிகம். மூணாம் நாள் புரிஞ்சுது. அப்புறம் அது எதெதைத் திருப்பி அனுப்புதோ அதையெல்லாம் என்னோடதுலேர்ந்து அழிச்சேன். அதான் சரியா வந்துது."

மூத்தவள் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ இரக்கப்பட்டு எழுதல நீ."

"எதை அழிக்கணும்னு தெரிஞ்சுக்கத்தான் எழுதினேன். என் ஆப்பு உங்க ஆப்பைப் பாத்துக் காப்பியடிக்குதுன்னு யாருக்கும் தெரியக் கூடாது." இளையவளின் குரல் ஏறியது. "எனக்கு என்ன வயித்தெரிச்சல் இல்லன்னு நெனச்சீங்களா? வந்த அன்னிக்கே அத்தை உங்க சர்டிபிகேட்டைக் காட்டி, 'இது பெரியவளோடது, தூசி படாம பாத்துக்கோ'ன்னாங்க. ஆறு வருஷமா நான்தான் தொடைக்கறேன். உங்களுக்குத் தெரியுமா அதை யாரு தொடைக்கறான்னு?"

தெரியாது. தானாகவே சுத்தமாக இருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

அந்தக் கணத்தில் மூத்தவளுக்கு ஏற்பட்டதைக் குற்ற உணர்ச்சி என்று சொன்னால் பொய். உச்சி குளிர்ந்தது. படத்தில் கண் சிமிட்டாதவள், குச்சியைக் குத்தினால் செடியாக்குகிறவள், ஆறு வருடமாகத் தன்னைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறாள்! அந்தச் சந்தோஷத்தில் மிச்சத் துணியை அவளே உலர்த்திவிட்டாள்.

படியிறங்கும்போதுதான் சிக்கல் உறைத்தது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய பக்கத்தில் இப்போது ஒரே அடியில் ஜெயிக்கலாம்: இளையவளின் ஆப் தனியாக நின்றால் பொய் சொல்லும், அதைத் திருத்தியது என் பதினோரு வரி. ஆனால் அதை நிரூபிக்க உள்பதிவுப் பட்டியலைக் காட்ட வேண்டும். பட்டியலைக் காட்டினால், அவள் ஆப்பை இரண்டு வாரமாகத் தொட்டது அவளுடைய ஓரகத்தி ஒருத்தி மட்டும்தான் என்பதும் வெட்டவெளிச்சம். ஒரே காகிதம், ஒரு பக்கம் மாலை, மறுபக்கம் செருப்பு. ஒன்றை மட்டும் கிழித்துக் கொடுக்க வழியில்லை.

பேசாமல் இருந்துவிடலாம். இருந்தால் அந்தப் பதினோரு வரியை உலகம் அறியப்போவதில்லை. அதுதான் அவளால் முடியவில்லை. பிறகு பல நாள் அதை நேர்மை என்று சொல்லிக்கொண்டாள். உண்மையில், தன் பிள்ளை செய்த காரியத்துக்கு ஊரான் பிள்ளை பெயர் வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது; அவ்வளவுதான். பட்டியலை அச்செடுத்து இணைத்து, எல்லாவற்றையும் எழுதினாள். நோ-கோடில் ஆள் நுழைவது எளிது, லோ-கோடில் தப்பு நுழைவது கடினம் என்று கடைசி வரி போட்டாள். அந்த வரி அவளுக்கே பிடித்துப்போய் இரண்டு முறை படித்தாள்.

முதலாளி இரண்டு பக்கங்களையும் இருவர் முன்னாலேயே படித்தார். மூத்தவளுடையதைப் படிக்கும்போது துண்டின் ஓரத்தை நிரடுவதை நிறுத்தினார். இளையவளுடையது கையால் எழுதிய மூன்று வரி. அதை உரக்கப் படித்தார்: "அக்காவோட ஆப்ல ஒன்பது கேள்வி. கையுறை போட்டவங்களால முடியாது. ஆனா அது சொன்னா சொன்னதுதான்."

அவ்வளவுதான். காப்பியடித்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூத்தவள் திரும்பி இளையவளைப் பார்த்தாள். இளையவள் கூரையைப் பார்த்தாள். தான் வயிற்றைக் கீறிக் காட்டியிருக்க, இவள் ஊறுகாய் போலத் தொட்டுக் காட்டியிருக்கிறாள்! மூன்றே வரி, அதிலும் கெட்டிக்காரத்தனம்.

"சரி" என்றார் முதலாளி. "ஆள் தொடற ஆப்புக்குப் புத்தி சொல்லிக் குடுத்துடலாம். புத்தியுள்ள ஆப்பைத் தொடுன்னு ஆளைக் கட்டி வைக்க முடியாது. கூடத்துல சிட்டுவோடது இருக்கட்டும். கண்ணாடி அறை சிட்டுவுக்கு." பிறகு மூத்தவள் பக்கம் திரும்பினார். "நீ அந்தப் பதினோரு வரியைக் கொண்டுபோய் அதுக்குப் பின்னால உக்கார வை. முடியுமா?"

"முடியும்" என்றாள் மூத்தவள். முடியாது என்று சொன்னால் டிப்ளமோவுக்கு அவமானம்.

ஒன்பது நாள் ஆனது. கூடத்தில் யார் எந்தப் படத்தைத் தட்டினாலும், இளையவளின் ஆப் அதை மூத்தவளின் ஆப்பிடம் அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் ஏற்றுக்கொள்ளும்படி இணைத்தாள். அந்த ஒன்பது நாளும் கண்ணாடி அறையின் வழியாக இளையவளின் முதுகு தெரிந்தது. உள்ளே மேசைமேல் ஒரு தொட்டி. தொட்டியில் ஒரு குச்சி. அதிலும் தளிர்.

கூடத்துப் பெண்கள் சிட்டுவையே 'சிஸ்டம்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மூத்தவள் வெறும் அக்காவானாள். பிரின்டரில் காகிதம் சிக்கியபோது யாரோ மாடிப்படியில், "சிஸ்டத்தைக் கூப்பிடு" என்று கத்த, எழுந்துவிட்ட மூத்தவள் திரும்ப உட்கார்ந்தாள்.

இணைத்த முதல் நாள் காலையிலேயே உள்மேசைக்காரி, பாதி காலியான ஒரு டிராலியைத் தட்டினாள். எண்களும் படங்களும் பொட்டும் மட்டுமே இருந்த அந்தத் திரையில் முதல்முறையாக எழுத்து வந்தது. மூத்தவள் எழுதிய அதே வாக்கியம், அதே கஞ்சி போட்ட விறைப்போடு: 'இந்த டிராலி ஏற்கெனவே வந்துவிட்டது.' உள்மேசைக்காரி அதை நியூஸ் வாசிப்பவள் போலக் குரலை மாற்றிப் படித்தாள். கூடமே சிரித்தது. மதியம் ஒருத்தி நேற்றுச் சொன்ன அதே வம்பை மறுபடி எடுக்க, எதிரில் இருந்தவள் கையை உயர்த்தி, "இந்த டிராலி ஏற்கெனவே வந்துவிட்டது" என்றாள். ஒருத்தி இரண்டாம் டீக்குக் கோப்பையை நீட்டினாள். "இந்த டிராலி ஏற்கெனவே வந்துவிட்டது." லீவு கேட்க, போன மாதம் காலமான அதே சித்தப்பாவை ஒருத்தி இந்த மாதமும் சாகடித்தாள். முதலாளியே சொன்னார்.

இரண்டு வாரத்தில் அது வேன் ஓட்டுகிறவர்களிடம் போய், ஓட்டல் வாசல்களில் இறங்கியது. பேச்சுமொழியில் யாரும் அதை மாற்றிச் சொல்லவில்லை. எழுதியது எழுதியபடி, ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னால்தான் சிரிப்பு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மூத்தவளின் கணவன், ஒருமுறை பேருந்தில் தூங்கிப்போய் டெப்போவுக்கே போய்விட்ட கதையை ஆரம்பித்தான். வீட்டுச் சுவர்களுக்கும் மனப்பாடமான கதை. "அன்னிக்கு நான் ஜன்னலோரமா உக்காந்தேனா..."

மாமியார் பரிமாறும் கரண்டியைக் குறுக்கே நீட்டினார். சலவை நிறுவனத்தின் வாசற்படியைக்கூட மிதிக்காதவர். முகத்தை நீட்டி வைத்துக்கொண்டு அழுத்தம் திருத்தமாகச் சொன்னார்: "இந்த டிராலி ஏற்கெனவே வந்துவிட்டது."

கொழுந்தனுக்குப் புரையேறியது. எல்லோரும் சிரித்தார்கள்.

"இதை எங்க பிடிச்சீங்க அத்தை?" என்றாள் இளையவள்.

"பக்கத்து வீட்ல சொன்னாங்க. யாரோ நல்லா எழுதத் தெரிஞ்சவங்க எழுதினதாமே?"

"அக்காதான் எழுதினது" என்றாள் இளையவள். அவளும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு எல்லோருக்கும் பிறகு, ஒரு நிறுத்தம் தள்ளி வந்து சேர்ந்தது. மூத்தவள் அதற்காகத்தான் காத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் மாடிக்குப் போனாள். அந்தக் குச்சி இப்போது கொடிக்கயிற்றைத் தாண்டி வளர்ந்து நின்றது. இத்தனை நாளாக அதற்கு அவள் ஒரு சொட்டு ஊற்றியதில்லை. வாளியிலிருந்து ஒரு சொம்பு மொண்டாள். யோசித்தாள். பாதியைத் திரும்ப வாளியில் கொட்டிவிட்டு, மீதியை அதன் வேரில் ஊற்றினாள்.